மூன்றரைப் பவுன் இரும்பு

போன சனிக்கிழமை காலை ஏழே முக்கால் மணி. மிச்சிகனில் ஓர் ஓக் மரம். அதில் 20 அடி உயரத்தில் ஒரு பரண். பரணில் நான். 18 கெஜத்தில் ஒரு பெண் மான், பக்கவாட்டில், படம் எடுக்க நிறுத்தி வைத்த மாதிரி நிற்கிறது. நாணை இழுக்கப் போன நேரத்தில் என் வில்லின் ஸ்டெபிலைசர் நுனியிலிருந்து ஓர் எடை வில்லை கழன்று விழுந்தது.

நேராக மண்ணில் விழுந்திருந்தால் சருகோடு போயிருக்கும். பரணுக்கு ஏறும் இரும்பு ஏணியில் ஒரு படி விடாமல் தட்டிக்கொண்டு, சாயரட்சை மணி மாதிரி நிதானமாக இறங்கியது. மான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. பயந்ததாகத் தெரியவில்லை, எனக்காக வருத்தப்பட்ட மாதிரித்தான் இருந்தது. பிறகு வெள்ளை வாலைக் கொடிபோல உயர்த்திக்கொண்டு போய்விட்டது.

அந்த ஸ்டெபிலைசரைத் தேர்ந்தெடுக்க எனக்கு 43 நாள் ஆயிற்று. வேட்டை வில்லுக்கு எதை வாங்க வேண்டும் என்று இந்தக் கட்டுரையின் கடைசியில் ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் புலம்ப வேண்டியிருக்கிறது.

நீங்களும் இப்படித்தான் ஆரம்பித்திருப்பீர்கள்: சும்மா விலை பார்ப்போமே என்று.

எல்லா வினையும் ஒரு திருகுத் துளையில் இருக்கிறது. வில்லின் கைப்பிடிக்குக் கீழே, முன்பக்கம், 5/16 அங்குலத் துளை. அங்குலத்துக்கு 24 புரி. அதில் திருகும் தண்டுதான் ஸ்டெபிலைசர். எந்தக் கம்பெனித் தண்டும் எந்தக் கம்பெனி வில்லிலும் ஏறும். பழைய செல்போன் சார்ஜர் மாதிரி ஒன்றுக்கொன்று சேராமல் இருந்திருந்தால், கொடுத்ததை மாட்டிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். எல்லாம் சேரும் என்றால் மனுஷன் என்ன செய்வான்?

தண்டின் நுனியில் எடை இருந்தால், கை கொஞ்சம் முறுக்கினாலும் வில் உடனே திரும்பாது. அம்பு நாணை விட்டுப் போகும் அந்த நூறில் ஒரு பங்கு விநாடிக்கு அது போதும். எடையை இரட்டித்தால் இந்தப் பிடிவாதம் இரண்டு மடங்கு. நீளத்தை இரட்டித்தால் நான்கு மடங்கு. ஆக, நீளம்தான் லாபம். போட்டிக்காரர்கள் 30 அங்குலத் தண்டு வைத்திருப்பது அதனால்தான். அதைக் காட்டுக்குள் கொண்டுபோனால் முதலில் கிளையைத்தான் வேட்டையாட வேண்டும். வேட்டைக்காரனுக்கு 6 முதல் 12 அங்குலம் வரை. ஆறா, எட்டா, பத்தா, பன்னிரண்டா என்பதில் 19 நாள் போயிற்று. எக்ஸெல் ஷீட் போட்டேன். போடாதவர்கள் முதல் கல்லை எறியுங்கள்.

பத்து அங்குலத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் வில்லின் வலப்பக்கம் அம்பறாத்தூணி தொங்குகிறது. குறிபார்க்கும் கருவியும் அந்தப் பக்கமே. கண்ணை மூடி நாணை இழுத்து, பிறகு கண்ணைத் திறந்து, குறிக்கருவியில் இருக்கும் குட்டி ரசமட்டத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தேன். வில் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. இடப்பக்கம் பின்னோக்கி இன்னொரு குட்டைத் தண்டு வையுங்கள் என்றார் கடைக்காரர். வைத்தேன். சம்பந்திச் சண்டை ஆரம்பித்தது.

முன் தண்டு மாப்பிள்ளை வீடு. பின் தண்டு பெண் வீடு. முன்னால் மூன்று அவுன்ஸ் என்றால் பின்னால் ஆறு. பின் தண்டு குட்டை, அதனால் இரட்டிப்பாகச் செய்தால்தான் சபையில் எடுபடும். ஆறு வைத்தேன். வில் பின்னால் மல்லாந்தது. மாப்பிள்ளை வீட்டில் மனக்குறை என்று புரிந்து முன்னால் ஓர் அவுன்ஸ் கூட்டினேன். தலைதீபாவளி வந்தது, பின்னால் இரண்டு. ஆடிச்சீர், முன்னால் அரை. பொங்கல்படி, பின்னால் ஒன்று. நடுவில் உட்கார்ந்திருந்த ரசமட்டக் குமிழி நாத்தனார் மாதிரி இரண்டு பக்கமும் நகர்ந்து நகர்ந்து, யார் செய்ததும் போதாது என்று மூட்டிவிட்டுக்கொண்டே இருந்தது. வளைகாப்புக்கு ஒன்று. பிள்ளைக்குக் காதுகுத்து, தாய்மாமன் சீர் இரண்டு. கோபித்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிவிட்டார்கள், சமாதானத்துக்கு இரண்டு. கடைசியில் குமிழி நடுவில் நின்றது. தராசில் வைத்தேன்: ஏழரை பவுண்டு. எண்ணைப் பார்த்ததும் புரிந்தது, வந்திருப்பது யார் என்று.

இந்த வில்லைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓர் அவுன்ஸ் 28 கிராம். நம் கணக்கில் மூன்றரைப் பவுன். துருப்பிடிக்காத இரும்புதான். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, கறுப்புத் துணியில் எடுத்துக் காட்டி, விலை சொல்லும்போது மட்டும் தங்கத்தோடு சொந்தம் கொண்டாடுகிறார்கள். செய்கூலி, சேதாரம் இல்லையா என்று கேட்க நாக்கு துடித்தது. சேதாரம் இருக்கிறது. சனிக்கிழமை தெரிந்துகொண்டேன்.

ஸ்டெபிலைசரை முதலில் வில்லில் மாட்டியவர் மிசூரிக்காரர் ஏர்ல் ஹாய்ட், 1961-ல். மிச்சிகனில் மான் வேட்டைக்கென்று முதல் வில் பருவம் அறிவித்தது 1937-ல். இடையில் 24 வருஷம் இங்கே மான்கள் எதனால் செத்தன? மாரடைப்பாலா? எங்கள் ஊருக்கு வடக்கே கிரேலிங்கில் ஃபிரெட் பேர் என்றொரு மனிதர் இருந்தார். கப்பிகூட இல்லாத வில்லோடு போய்ப் பனிக்கரடியையே வீழ்த்தியவர். வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தைத் துளைத்ததாகப் புறநானூற்றில் வருகிறது. நான் 43 நாளில் துளைத்தது கிரெடிட் கார்டு ஒன்றை.

பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. அவருடைய பழைய வில்லின் துளையில் விரல் நீளத்துக்கு ஒரு கறுப்பு ரப்பர் முளை இருக்கிறது. அது என்ன செய்யும் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, துளைக்குள் மழைத்தண்ணீர் போகாது என்றார். அக்டோபர் இரண்டாம் தேதியே அவர் மானோடு வந்துவிட்டார். கறி கொஞ்சம் எங்களுக்கும் கொடுத்தார். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

இந்த 43 நாளில் எத்தனை அம்பு எய்து பழகினீர்கள் என்று மனைவி கேட்டாள். குடும்பத்தில் கேட்கக்கூடிய கேள்வியா அது? தோள் தேய, தினமும் அறுபது அம்பு எய்தால் கை நிற்கும் என்று எனக்கும் தெரியும். கையில் திருகுத் துளை இல்லையே.

ஆக, எதை வாங்குவது என்று கடைசி வரியில் சொல்கிறேன் என்றேன். எழுத உட்கார்ந்த நேரத்தில் திருநெல்வேலியிலிருந்து அப்பாவின் போன். நடந்ததைச் சொன்னேன்.

“ஸ்டெபிலைசருக்கா நாப்பத்து மூணு நாளு? நம்ம வீட்டுக்கு வாங்கும்போது ரெண்டு கையிலயும் ரெண்ட தூக்கிப் பாத்தேன். கனமா இருந்தத எடுத்துட்டு வந்தேன். இருவது வருசமா ஓடுது.”

“அப்பா, இது வேற. சத்தம் போட்டுச்சுன்னு மான் ஓடிப் போச்சு.”

“ஏல, நம்ம வீட்டுதுந்தான் அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்க ‘டக்கு’ன்னு சத்தம் போடுது. அதுக்காவ ஃப்ரிட்ஜு ஓடியா போச்சு?”