டிக்கெட்டும் கிக்கெட்டும்: நோணாங்குப்பத்து ஆங்கில எதுகை பற்றிய ஆய்வு

ஆங்கிலத்தில் ரைம் எனப்படுவது, சொல்லில் கடைசியாக அழுத்தம் பெறும் உயிரொலி தொடங்கி இறுதிவரை ஒத்து ஒலிப்பது. அந்த உயிருக்கு முன் நிற்கும் மெய் மட்டும் வேறாக இருக்க வேண்டும். தமிழ் எதுகையின் விதி வேறு: முதலெழுத்து அளவில் ஒத்து, இரண்டாம் எழுத்து ஒன்றி வர வேண்டும். ஆங்கிலம் சொல்லின் வாலைப் பார்க்கிறது. தமிழ் கழுத்தைப் பார்க்கிறது. இரண்டு விதிகளும் எதிரெதிரே வரும் இடங்களில் ஆய்வுக்கு மிக வசதியானது, புதுச்சேரிக்குத் தெற்கே கடலூர் சாலையில் உள்ள நோணாங்குப்பம். அங்கே சுண்ணாம்பாற்றில் படகுத் துறை உண்டு. அங்கே டிக்கெட் கிழிக்கிறார்கள், படகில் ஏறுபவருக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டுகிறார்கள். ஆய்வாளருக்கு வேறென்ன வேண்டும்?

முதலில் ஓரசைச் சொற்கள். போட், கோட், நோட் மூன்றும் பேச்சில் போட்டு, கோட்டு, நோட்டு ஆகின்றன. கடைசியில் ஓர் உகரம் ஒட்டிக்கொண்டதும், ஆங்கிலத்தில் வாலாக இருந்த டகர ஒற்று தமிழில் இரண்டாம் எழுத்தாகி எதுகை ஆகிவிடுகிறது. ரைமிங் வேர்ட்ஸ் பாடம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சிரமமில்லாமல் வருவதற்கு இதுவே காரணம் என்று கொள்ளலாம். சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. எதுகைக்கு முதலெழுத்தின் குறில் நெடில் ஒத்தால் போதும். உயிர் எதுவாகவும் இருக்கலாம். ஆகவே போட்டுக்கு இணையாக கேட்டு, அதாவது வாசல் கேட்டு, என்று எழுதும் பிள்ளைக்கு ஆங்கில ஆசிரியர் தப்பு போடுவார். யாப்பருங்கலக் காரிகை செய்த அமிதசாகரர் முழு மதிப்பெண் போடுவார்.

ஈரசைச் சொற்களில் தகராறு முற்றுகிறது. டிக்கெட்டுக்கு ஆங்கிலம் ஒப்புக்கொள்ளும் உறவினர் விக்கெட், கிரிக்கெட், புதர் என்று பொருள்படும் திக்கெட் ஆகியோர். ஜாக்கெட்டுக்கு பாக்கெட், ராக்கெட், பிராக்கெட் என்று தனிக் குடும்பம். அழுத்தம் முதல் அசையில் விழுவதால் இரு குடும்பங்களுக்கும் கொள்வினை கொடுப்பினை இல்லை. தமிழ்க் கணக்கில் டிக்கெட்டும் விக்கெட்டும் எதுகை, பக்கெட்டும் சேரும். ஆனால் கிரிக்கெட்டின் இரண்டாம் எழுத்து ரி. ஆகவே அது வெளியே நிற்க வேண்டும். கிரிக்கெட்டைத் தள்ளிவிட்டுப் பக்கெட்டைச் சேர்க்கிறது இந்த இலக்கணம். இறுதி ஒத்தால் போதும் என்னும் இயைபுத் தொடை இவ்வளவு கறார் காட்டுவதில்லை. எல்லோரையும் படகில் ஏற்றிக்கொள்கிறது.

மூன்றாவது தரப்பு பிரெஞ்சு. அம்மொழியில் இதே டிக்கெட்டின் கடைசி டகரம் ஒலிக்காது. அது திக்கே ஆகிறது. பூங்கொத்தாகிய புக்கேயும் பொட்டலமாகிய பக்கேயும் அதற்கு இணை. முன்நிற்கும் மெய்யும் ஒத்திருப்பதைப் பிரெஞ்சு யாப்பு குறையாகக் கொள்ளாது. 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் ஆட்சி பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியபோது இந்தச் சொல்லின் உறவுமுறையும் கைமாறியது என்பதை வரலாற்றாசிரியர்கள் கவனிக்கத் தவறிவிட்டார்கள். புதுச்சேரியில் உருவான மிகப் பெரிய ஆங்கிலக் கவிதை ஸ்ரீ அரவிந்தரின் சாவித்ரி. ஏறத்தாழ 24,000 அடிகள் கொண்ட அதில் ரைமே இல்லை என்பதால் வீட்டுப்பாடத்துக்கு அது உதவாது.

இனி, இணைச்சொல்லைக் கண்டுபிடித்தபின் பொருள் அறிவது. இதற்கு முன்னோர் வழி வகுத்திருக்கிறார்கள். பீட்டர் லெவின்ஸ் 1570இல் ஆங்கிலச் சொற்களை ஈற்றொலிப்படி அடுக்கி லத்தீனில் பொருள் எழுதினார். மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு, பதினோராம் தொகுதியில், பல பொருள் தரும் சொற்களை எதுகைப்படி அடுக்குகிறது. வீரமாமுனிவர் 1732இல் செய்த சதுரகராதியின் நான்காம் பகுதியே தொடை அகராதி. லண்டனில் ஜான் வாக்கரின் ரைம் அகராதி வந்தது அதற்கு 43 ஆண்டு கழித்து, 1775இல்.

ஆனால் ஒலி ஒத்தால் பொருளும் ஒட்டும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. விக்கெட் முதலில் சிறு கதவு. ஸ்டம்பு நட்டது பிறகு. கிரிக்கெட் என்பது சுவர்க்கோழியும்தான். ஜாக்கெட் குடும்பத்து ராக்கெட் என்றால் பந்து மட்டை, கூச்சல், மோசடி மூன்றும். ஜாக்கெட்டின் பொருள் நோணாங்குப்பத்தில் இடத்தைப் பொறுத்தது: தையல் கடையில் ரவிக்கை, படகுத் துறையில் உயிர்காப்பு.

எந்த அகராதியும் இல்லாமல் எந்தச் சொல்லுக்கும் இணை கண்டுபிடிக்கும் முறை ஒன்று தமிழரிடம் உண்டு. முதலெழுத்து குறிலானால் கி, நெடிலானால் கீ போட வேண்டும்: டிக்கெட்டு கிக்கெட்டு, போட்டு கீட்டு. அளவு மாறாமல் இரண்டாம் எழுத்து நிற்பதால் இது சுத்தமான எதுகை. முதலெழுத்தின் உயிர் ஏற்கெனவே இகரமோ ஈகாரமோ ஆனால் ரைமும் தேறிவிடும். பொருளும் எப்போதும் ஒன்றே: முதற்சொல் குறித்ததும் அதைச் சேர்ந்த பிறவும். கிக்கெட்டு என்பது வண்டி நிறுத்தக் கட்டணமாகவும் இருக்கலாம், படகுக்காரரிடம் காட்ட வேண்டிய துண்டுச் சீட்டாகவும் இருக்கலாம். பஸ்ஸில் மட்டும் எச்சரிக்கை தேவை. பஸ் கிஸ் கிடைக்குமா என்று பயணி கேட்பது மற்ற வாகனங்களையும் கருதித்தான். ஆங்கில அகராதி அதை முத்தம் என்று எடுத்துக்கொள்ளும்.

ஏற்கெனவே கி, கீ என்று தொடங்கும் சொற்கள் இம்முறைக்கு விலக்கு. எடுத்துக்காட்டு கிளி. அதற்குக் கி போட்டால் மீண்டும் கிளிதான் வரும். முன்மெய் மாறாத சொல் இணையாகாது என்று ஆங்கிலமும் அதைத் தள்ளிவிடும். ஊரில் அதைக் கிளியைக் கூப்பிடுவதாகக் கொள்வர்.