கன அடி அண்ணன்

“வண்டி எப்படிண்ணே இழுக்குது?” என்று கேட்டால் “110” என்பார். வேகம் என்று நினைத்து நீங்கள் கண்ணை விரித்தால் முகம் சுருங்கிவிடும். “கன அடி தம்பி. நிமிஷத்துக்கு. 28 இஞ்சு தண்ணியில.”

மீட்டர் முறையை உலகுக்குக் கொடுத்த பிரெஞ்சுக்காரன் 1954 வரை ஆண்ட பாண்டி இது. அண்ணனின் அப்பா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்தவர், யூரோவில் பென்ஷன் வாங்குகிறார். பிள்ளைக்கோ காற்றைக் கன அடியில் அளந்தால்தான் தூக்கம் வரும்.

முத்தியால்பேட்டை வீட்டு மாடிப்படிக்குக் கீழே காற்றை அளக்கிற ஃப்ளோ பெஞ்ச் இருக்கிறது. பிளைவுட் பெட்டி, வேக்யூம் கிளீனர் மோட்டார் இரண்டு, கலர்த் தண்ணீர் ஊற்றிய யூ குழாய். புல்லட் ஹெட்டை அதன்மேல் உட்கார வைத்து, போர்ட் வாயில் மகளின் விளையாட்டுக் களிமண்ணை உருட்டி ஒட்டி, வால்வை இவ்வளவு மில்லிமீட்டர் என்று திறந்துவைத்து ஸ்விட்சைப் போடுவார். தெருவே காதைப் பொத்திக்கொள்ளும். உண்மையில் அந்தப் பெட்டி 10 இஞ்சுக்கு மேல் உறிஞ்சாது. அளவை 1.67-ஆல் பெருக்கி, மீதி 18 இஞ்சையும் கால்குலேட்டரிலேயே உறிஞ்சிவிடுவார்.

பெஞ்சில் வால்வு திறந்தது திறந்தபடி நிற்கும், காற்றும் ஒரே சீராகப் போகும். ஓடுகிற இன்ஜினில் 5000 சுற்றுக்கு வால்வு நிமிடத்துக்கு 2500 தடவை திறந்து மூட வேண்டும். போர்ட்டைக் குடைந்து அகலமாக்கினால் கீழ்ச் சுற்றில் காற்றின் வேகம் செத்துவிடும், இழுவையும் கூடவே போகும். “346 சிசி இன்ஜின் 5000 சுற்றில் நிமிடத்துக்கு 865 லிட்டர் குடித்தாலே அதிகம், உங்கள் கணக்கில் அது 30 கன அடிதானே?” என்று ஒருநாள் மடக்கினேன். “வால்வு சாத்தியிருக்கிற நேரத்தைக் கழிச்சியா?” என்றார். அது நியாயமான கேள்விதான். மனிதர் முட்டாள் இல்லை, அதனால்தான் எரிச்சல் இரட்டிப்பாகிறது.

டைனோவில் ஏற்றிக் குதிரைத்திறனைப் பார்த்துவிடலாமே என்றால், “டைனோ பொய் சொல்லும் தம்பி. வெயில் ஒரு கணக்கு காட்டும், டயர் காத்து ஒரு கணக்கு காட்டும்.” கால்குலேட்டர் மட்டும் அரிச்சந்திரன்.

அவருடைய சொந்த புல்லட் ஹெட் இல்லாமல் முண்டமாக வாசலில் நிற்கிறது. காற்று இன்னும் 2 கன அடி ஏற வேண்டுமாம்.

அது அவர் பாடு. என் வண்டி என்ன பாவம் செய்தது? 70-க்கு 90 என்று நீள ஸ்ட்ரோக் வைத்த பழைய புல்லட். பின்னால் மனைவி, மடியில் அரிசி மூட்டை என்று ஜிப்மர் பக்கம் கோரிமேட்டு ஏற்றத்தில் மூன்றாம் கியரிலேயே முணுமுணுக்காமல் போகும். அண்ணன் கை வைத்த பிறகு இரண்டுக்கு இறக்கினாலும் திணறுகிறது. பெட்ரோல் வேறு கூடுதலாகக் குடிக்கிறது; பாண்டியில் விலை குறைவு என்பதற்காகக் குழாயையா திறந்துவிட முடியும்? குடைந்து எடுத்த அலுமினியம் திரும்பி வரப்போவதில்லை. வெல்டிங் வைத்து நிரப்பி மறுபடி குடைய யார் காசு கொடுப்பது?

இதையெல்லாம் நேரில் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“இன்டேக்கை மட்டும்தானே திறந்தோம்? உள்ள போன காத்து வெளிய வர வேணாமா? ஞாயித்துக்கிழமை ஹெட்டைக் கழட்டிக்கிட்டு வா. எக்ஸாஸ்ட்டையும் பார்த்துடுவோம்.”