கேட்டுத் தெரிந்துகொண்டதும் தேடிப் பார்த்ததும்

எண்பதுகளில் நான் மனநல மருத்துவம் படித்தபோது, நோயாளியின் கதை காது வழியாகத்தான் வரும். முதலில் அவர் சொல்வார்; பிறகு கூட வந்த அம்மாவோ மச்சானோ சொல்வார்கள். இரண்டும் பொருந்தாது. "உங்க அண்ணன்கிட்டயும் கேட்டுக்கட்டுமா?" என்று அவர் எதிரிலேயே கேட்போம். "அவன் பொய் சொல்லுவான் சார்" என்பார். அதையும் கேஸ் ஷீட்டில் எழுதுவோம். யாரிடம் என்ன கேட்டோம் என்று அவருக்குத் தெரியும். மறுத்துப் பேச இடம் இருந்தது.

இன்று அவர் ஓ.பி. வரிசையில் நிற்கும்போதே இளம் டாக்டரின் போனில் அவருடைய ஃபேஸ்புக் பக்கம் திறந்திருக்கிறது.

தேடவே கூடாது என்று சொல்ல மாட்டேன். போலீஸ் கொண்டுவந்து சேர்த்த வடமாநிலத்தவர் ஒருவர் ஊரின் பெயரை மட்டும் முணுமுணுப்பார். அன்று போஸ்ட் கார்டு போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தோம். இன்று அந்தப் பெயரைத் தேடி, அங்குள்ள காவல் நிலையத்தைப் பிடித்து, அவருடைய தாயை வீடியோ காலில் காட்டிவிட முடிகிறது. உயிரை மாய்த்துக்கொள்ளப் போவதாக எழுதிவிட்டுக் காணாமல் போனவரையும் தேடத்தான் வேண்டும்.

வெறும் ஆவலில் புரட்டுவதைத்தான் என் மனம் ஏற்கவில்லை. அமெரிக்காவில் கிளின்டன், சில்வர்மேன், பிரெண்டல் ஆகிய மூவர் 2010இல் 'ஹார்வர்ட் ரிவியூ ஆஃப் சைக்கியாட்ரி' இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். ஏன் தேடுகிறேன், இது சிகிச்சைக்கு உதவுமா, கண்டதை அவரிடம் சொல்வேனா என்று தேடும் முன்பே மருத்துவர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் வாதம். நம் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் நோயாளியின் ரகசியம் வெளியே போகாமல் காக்கச் சொல்கிறது. டாக்டரே திருட்டுத்தனமாக எட்டிப் பார்த்தால்?

அதோடு, நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. எஸ். செந்தில்குமார் என்று தேடினால் எத்தனை பேர் வருவார்கள்! யாரோ ஒருவர் பாட்டிலோடு நிற்கும் படம் இவர் கணக்கில் ஏறிவிடும்.

அன்று ரேடியோ தன்னைப் பற்றிப் பேசுகிறது என்று பயந்து வந்தார்கள். இன்று போன் வழியாக யாரோ தன்னைக் கவனிப்பதாகச் சொல்லி நடுங்குகிறார்கள். முந்தின இரவு அப்படி நடுங்கும் ஒரு பையனின் பக்கத்தைப் புரட்டிய டாக்டர், "யாரும் உன்னைப் பார்க்கல தம்பி" என்று எந்த வாயால் சொல்வார்?

பார்த்தே ஆகவேண்டுமென்றால் நோயாளிகளிடமே கேளுங்கள் என்று ஜூனியர்களிடம் சொல்வேன். ஒரு கல்லூரி மாணவன் முதலில் முடியாது என்றான்; விட்டுவிட்டோம். சில வாரம் கழித்து அவனாகவே போனை நீட்டினான். எழுதி எழுதி, யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த பதிவுகள். எந்தத் தேடலிலும் அவை கிடைத்திருக்காது.