வாடா, வாட்டர் கலர்க்காரா

வாடா பேராண்டி, உக்காரு. ஆயில் பெயிண்டைப் பரண்ல ஏத்திட்டு வாட்டர் கலருக்கு வந்துட்டியாமே? டர்ப்பன்டைன் நாத்தம் போனதுல உங்க அப்பத்தாவுக்குப் பரம சந்தோசம்.

அமெரிக்காவுல வின்ஸ்லோ ஹோமர்னு ஒருத்தரு, 1873ல குளோஸ்டர்ங்கிற மீன்புடி ஊருல உக்காந்து இதைக் கையில எடுத்தாருன்னு நீதானே பீத்திக்கிட்டே? அப்போ அவருக்கு வயசு 37. உனக்கு 41. கல்யாணத்துக்கே லேட்டா வந்த ஆளு, இதுக்கு மட்டும் நேரத்துக்கு வந்துடுவியா?

இத்தனை நாளா கேன்வாஸுல நீ பண்ணின அட்டூழியம் எனக்குத் தெரியாதா? கோபுரம் கோணிக்கிச்சா, மேல ஒரு அப்பு. ஆகாசம் கறுத்துடுச்சா, வெள்ளையில ஒரு அப்பு. தப்பையெல்லாம் உள்ளே பொதைச்சுட்டு ஓரத்துல கையெழுத்து. இங்க அந்தப் பாச்சா பலிக்காது. அடியில போட்டது மேல தெரியும். வெள்ளை டியூப்புல இல்ல, தாளுல இருக்கு. மகாமகக் குளத்துப் படியில வெயில் விழுற எடத்தைத் தொடாம விட்டாத்தான் அது வெயிலு. உனக்குத் தொடாம இருக்க வருமாடா? சின்ன வயசுல முழங்கால் புண்ணு ஆறுறதுக்குள்ள பொருக்கைப் பிச்சு எடுத்தவனாச்சே!

அப்புறம் அந்தத் தண்ணி. வயலுக்குப் பாய்ச்சுற கணக்குதான்; மடையைத் தொறக்குற வரைக்கும் நம்ம அதிகாரம், அப்புறம் அது இஷ்டம். ஈரத் தாளுல கலரை விட்டா போற போக்குல போகும். பாதி காஞ்ச எடத்துல ஒரு சொட்டு ஈரம் வெச்சியோ, திட்டுத்திட்டா ஓரங்கட்டி நிக்கும். வேணும்னேதான் அப்படி விட்டேன்னு சொல்லிக்கோ. வாங்குறவனுக்கு என்ன தெரியப் போவுது?

காசைப் பாத்து மட்டமான தாளு வாங்காதே. ரெண்டு தேய்ப்புல திரிதிரியா உரிஞ்சு வரும். 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாளு வாங்கு. வெலையைக் கேட்டாலே கை தன்னால அடங்கும். தாலோ நீலத்துக்கிட்ட மட்டும் சாக்கிரதை. தாளைப் புடிச்சா விடாது. ஈரத்துல பாக்குற நெறத்தையும் நம்பிடாதே, காஞ்சா வெளுக்கும். நம்ம கும்பகோணத்து ஐப்பசியில அது காயறதுக்குள்ள உனக்குப் பொறுமை போயிடும். சித்திரையில பிரஷ்ஷை எடுக்குறதுக்குள்ள காஞ்சுடும்.

படம் முடிஞ்ச பொறவும் 'ஆகாசத்துல இன்னும் ஒரே ஒரு இழுப்பு'ன்னு கை துறுதுறுங்குமே, அப்போ பிரஷ்ஷை வெச்சுட்டு எந்திரிச்சுப் போய் மாட்டுக்குத் தண்ணி காட்டு. தொழுவத்தையும் ஒரு தரம் கூட்டிட்டு வா. படமும் காஞ்சிருக்கும், எனக்கும் ரெண்டு வேலை மிச்சம்.