ரயிலை நிறுத்திய வாத்சல்யம்

மகாராஜராஜஸ்ரீ பெங்களூரு நகரத்துக் கட்டுமான அதிபர் பெருமக்கள் சமூகத்துக்கு,



இப்பவும் தங்களுக்கு விண்ணப்பித்துக்கொள்வது என்னவென்றால், கொள்ளைநோய்க் காலமாகிய 2020ஆம் வருஷம் மே மாதம் 5ஆம் தேதி தங்கள் பிரதிநிதிகள் கர்நாடக முதலமைச்சர் எடியூரப்பா அவர்களைச் சந்தித்து அளவளாவியதும், அன்று மாலையே அரசாங்க அதிகாரி ஒருவர் தென்மேற்கு ரயில்வேக்குக் கடிதம் எழுதி, வெளிமாநிலத் தொழிலாளிகளுக்காகக் கேட்டிருந்த ரயில்கள் மறுநாள் முதல் வேண்டியதில்லை என்று தெரிவித்ததும் தேசம் அறிந்த சங்கதிகள். அதற்காகத் தங்கள்மேல் சொரியப்பட்ட வசைமாரிக்குக் கணக்கில்லை. கொத்தடிமை முறை திரும்பிவிட்டது என்றார்கள் சிலர். மனிதரைப் பிணையாக வைத்துக் கட்டடம் எழுப்புகிறார்கள் என்றார்கள் வேறு சிலர். தொழிற்சங்கத்தார் உயர் நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். இத்தனை பேர் வைதார்களே ஒழிய, தங்களுக்கு நன்றி சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தக் குறையை நிவர்த்தி செய்வதே இக்கடிதத்தின் நோக்கம்.

கூலிக்காரன்மேல் முதலாளிக்கு உள்ளூரப் பிரியம் உண்டு என்று பெரியோர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், கண்ணால் கண்டதில்லை. பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, தகரத்தால் சுவரும் தகரத்தால் கூரையும் வேய்ந்த கொட்டகையில், சித்திரை வெயிலுக்கு உள்ளே இருப்பதா வெளியே இருப்பதா என்று தெரியாமல் படுத்துக் கிடந்து, காலையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுச் சாரத்தில் ஏறுகிற அந்த மனிதர்களைத் தாங்கள் பெயர் சொல்லி அழைத்ததாக வரலாறு இல்லை. இருபதாவது மாடிக்குச் செங்கல் சுமந்தவன், கட்டடத்தில் ஆட்கள் குடிபுகுந்த மறுநாள் அதே வாசலில் வந்து நின்றால் காவலாளி அனுமதிச் சீட்டுக் கேட்பான். சீட்டு இருந்தாலும் சாமான் ஏற்றும் லிஃப்டில்தான் போகச் சொல்வான். இவ்வளவையும் பார்த்துவிட்டு, தங்களுக்கு இவர்கள்பால் பற்றே இல்லை போலும் என்று நாங்கள் தப்புக் கணக்குப் போட்டிருந்தோம். பற்று எவ்வளவு என்பது அவர்கள் மூட்டையைக் கட்டியபோதல்லவா வெளிப்பட்டது! பிரிவைத் தாங்காத தாய் பிள்ளையின் கையைப் பிடித்து இழுப்பாள். தாங்களோ ரயிலையே பிடித்து நிறுத்திவிட்டீர்கள்.

'ரயிலை நிறுத்தும்படி நாங்கள் கேட்கவில்லை. வேலை தொடங்கப்போகிறது, ஆட்கள் இருந்தால் நன்றாயிருக்கும் என்று மட்டுமே சொன்னோம்' எனத் தாங்கள் சமாதானம் கூறக்கூடும். கூறினால் நான் மறுக்கமாட்டேன். கேளாமலே கொடுப்பதன்றோ உத்தமமான தானம்! முதியோர் உதவித்தொகைக்கு மனுமேல் மனுப் போட்டு வருஷக்கணக்கில் தாலுகா அலுவலகத்து வராந்தாவில் காத்திருக்கும் கிழவிகள் உள்ள நாட்டில், ஒரு பகலில் பேசிய பேச்சுக்கு அந்திக்குள் உத்தரவு பிறந்தது என்றால், நம் அரசாங்க யந்திரம் நகராது என்பவர்களின் வாய் அன்றோடு அடைபட்டிருக்க வேண்டும்.

இந்த வாத்சல்யம் அதற்கு முந்தின ஆறு வாரங்களில் எங்கே ஒளிந்திருந்தது என்று குதர்க்கிகள் கேட்கிறார்கள். மார்ச் 24ஆம் தேதி இரவு 8 மணிக்குப் பிரதம மந்திரி பேசினார். நள்ளிரவு முதல் தேசம் அடைக்கப்பட்டது. இடையில் இருந்தவை நான்கு மணி நேரம். மார்ச் 29ஆம் தேதி மத்திய உள்துறை, அடைப்புக் காலத்துக்கும் கூலியைப் பிடித்தம் இன்றி உரிய தேதியில் கொடுக்க வேண்டும் என்று முதலாளிகளுக்கு உத்தரவிட்டது. அந்த உத்தரவு செல்லாது என்று வாதிட நாடெங்கிலுமிருந்து முதலாளிமார் உச்ச நீதிமன்றத்தின் படி ஏறினார்கள். மே 18 முதல் அரசாங்கமே உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஜூன் 12ஆம் தேதி நீதிமன்றமும், கூலி கொடுக்காத முதலாளிமீது கடும் நடவடிக்கை வேண்டாம், இரு தரப்பாரும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டது. ஒரு தரப்பார் டெல்லியில் வக்கீல் வைத்திருந்தார்கள், மறு தரப்பார் நெடுஞ்சாலையில் நடந்துகொண்டிருந்தார்கள் என்பது பேச்சுவார்த்தைக்குப் பெரிய இடையூறாகாது என்று நம்புகிறேன்.

தங்களில் சிலர் அந்த நாட்களில் கொட்டகைகளுக்கு அரிசியும் பருப்பும் அனுப்பியது உண்மை. அதை மறைப்பது பாவம். ஆனால் அரிசி கொடுத்த கை கணக்குப் புத்தகத்தைத் திறக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் தர்மம். கட்டட வேலையின் வழக்கம் தங்களுக்குத் தெரியாததல்ல. ஆளைக் கொண்டுவருகிற மேஸ்திரி வாரந்தோறும் செலவுக்கு என்று ஒரு சிறு தொகையைக் கையில் கொடுப்பான். வடக்கத்தித் தொழிலாளிகள் அதைக் கர்ச்சி என்பார்கள். எஞ்சிய கூலி அவனுடைய நோட்டுப் புத்தகத்தில் வளர்ந்துகொண்டே போகும். வேலை முடிந்தபின், அல்லது ஊருக்குப் புறப்படும்போது, மொத்தமாகத் தீர்க்கப்படும். ஊரடங்கு வந்தது; கம்பெனி பணம் தரவில்லை என்று மேஸ்திரி கைபேசியை அணைத்துவிட்டான்; மேஸ்திரிக்குக் கொடுத்தாயிற்று என்று கம்பெனி கைகழுவிவிட்டது. இரண்டு பேருக்கும் நடுவே, எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டுப் புத்தகத்தில், ஒரு குடும்பத்தின் நான்கு மாத வியர்வை பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. ரயில் ஓடினாலும் அந்தப் பாக்கியை விட்டுப் போக மனம் வராதவர் எத்தனையோ பேர். பாக்கி போனாலும் போகட்டும் என்று துணிந்து கிளம்பியவர்களுக்குத்தான் ரயில் தேவைப்பட்டது.

அவ்வாறு துணிந்தவர்கள் சேவா சிந்து என்ற அரசாங்க வலைத்தளத்தில் பெயரைப் பதிந்தார்கள்; பதியத் தெரியாதவர்கள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றார்கள். மே மாதத் தொடக்கத்தில், தும்கூர் சாலையில் மாதாவராவில் உள்ள சர்வதேசக் கண்காட்சி மையத்துக்குப் போனால் ரயில் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு ஆயிரக்கணக்கானோர் மூட்டையும் குழந்தையுமாக அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அந்த இடம் தங்களுக்குப் பழக்கமானது. மண் வெட்டும் யந்திரங்களையும் பளு தூக்கும் யந்திரங்களையும் விளக்கொளியில் நிறுத்தி வைத்துத் தங்களைப் போன்றோருக்குக் காட்டும் எக்ஸ்கான் கண்காட்சி அங்கேதான் நடக்கும். ஒவ்வொரு யந்திரத்தின் பக்கத்திலும் அதன் விலை, சக்தி, ஆயுள், பழுது பார்க்க வேண்டிய காலம் எல்லாவற்றையும் விளக்க ஓர் ஆசாமி நிற்பார். அந்த மே மாதத்தில் அதே வாசலில் சாலையோரம் உட்கார்ந்திருந்த கைகால் படைத்த யந்திரங்களைப் பற்றி விளக்கிச் சொல்ல ஒருவரும் இல்லை. கலைந்து போகச் சொல்லப் போலீஸ்காரர்கள் இருந்தார்கள்.

ரயிலை நிறுத்தியதற்கு முதலமைச்சர் தெரிவித்த நியாயம், பிற மாநிலங்களைப் பார்க்கக் கர்நாடகத்தில் நோய் கட்டுக்குள் இருக்கிறது, கட்டுமானமும் தொழில்களும் மீண்டும் தொடங்க வேண்டும், ஆகவே தொழிலாளிகளின் அநாவசியப் பயணத்தைத் தடுக்க வேண்டும் என்பது. பெங்களூரு தெற்குத் தொகுதி எம்.பி. தேஜஸ்வி சூர்யா ஒருபடி மேலே போய், இது தைரியமான, அவசியமான முடிவு, நல்வாழ்வை நாடி வந்தவர்கள் தங்கள் கனவுகளை மறுபடி தொடங்க இது உதவும் என்று பாராட்டினார். அநாவசியப் பயணம் எது என்பதில் எனக்கு முதலில் மயக்கம் இருந்தது. அதே வாரம் தீர்ந்துவிட்டது. மே 7ஆம் தேதி முதல், வெளிநாடுகளில் தங்கிவிட்டவர்களை ஊருக்குக் கொண்டுவர வந்தே பாரத் என்ற மங்கலப் பெயரோடு விமானங்கள் பறந்தன. துபாயிலிருந்து வீட்டுக்கு வர நினைப்பது தேசபக்திக்குரிய பயணம். தும்கூர் சாலையிலிருந்து வீட்டுக்குப் போக நினைப்பது அநாவசியப் பயணம். பயணத்தின் தராதரம் பயணச் சீட்டின் விலையைப் பொறுத்தது என்று தெரிந்துகொண்டேன்.

ரயிலை நிறுத்திய இந்தத் தத்துவத்தைத் தாங்கள் இன்னும் சற்று விஸ்தரித்தால் தேசம் உருப்படும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். வேலை முடியும்வரை ஆளைப் போகவிடக் கூடாது என்பது கொள்கையானால், அது ஆளுக்கு ஆள் மாறலாகாது. முன்பணம் கட்டி, வங்கிக் கடனுக்குத் தவணையும் கட்டி, குடியிருக்கும் வீட்டுக்கு வாடகையும் கொடுத்துக்கொண்டு, சொன்ன தேதி போய் வருஷங்கள் ஆகியும் சாவி கைக்கு வராத மத்தியதரக் குடும்பங்கள் தங்கள் நகரத்தில் ஏராளம். வீட்டைக் கட்டி முடிக்கும்வரை கட்டுமான அதிபர் எவரும் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று அவர்கள் முதலமைச்சரைக் கண்டு முறையிட்டால், அன்று மாலையே தேவனஹள்ளி விமான நிலையத்துக்கு ஒரு கடிதம் போகுமா? போனால், அந்தத் தைரியமான முடிவைப் பாராட்ட நானே முன்வருவேன்.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். தங்களுக்குச் சலிப்புத் தட்டினால் க்ஷமிக்க வேண்டும். இந்தியப் பிரஜை எவரும் தேசம் எங்கும் தடையின்றிப் போய்வரலாம் என்கிறது அரசியல் சாசனத்தின் 19ஆவது விதி. வலுக்கட்டாயமாக வேலை வாங்குவதைத் தடுக்கிறது 23ஆவது விதி. டெல்லியில் ஆசிய விளையாட்டுக்காக அரங்கங்கள் கட்டிய தொழிலாளிகளின் வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம், அடித்து வேலை வாங்குவது மட்டுமன்று, வேறு போக்கில்லாத வறுமையைச் சாதகமாக்கிக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்று தீர்ப்பளித்தது. இவையெல்லாம் உயர்ந்த தத்துவங்கள், விடுங்கள். வெளிமாநிலத் தொழிலாளிகளுக்கென்றே 1979இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டிருந்தது. வெளிமாநிலத்திலிருந்து ஆளைக் கொண்டுவரும் ஒப்பந்தக்காரர், மாதக் கூலியில் பாதியை இடப்பெயர்ச்சிப் படியாகத் தனியே கொடுக்க வேண்டும்; வருவதற்கும் திரும்பிப் போவதற்கும் கட்டணம் கொடுக்க வேண்டும்; பயண நாட்களையும் வேலை நாளாகக் கருதிக் கூலி கொடுக்க வேண்டும்; ஒப்பந்தக்காரர் கொடுக்கத் தவறினால் வேலை வாங்கும் முதலாளியே கொடுக்க வேண்டும் என்றது அது. அதாவது, அந்த மே மாதத்தில் தொழிலாளிகளின் ரயில் கட்டணத்தை மத்திய அரசு கொடுப்பதா, மாநிலம் கொடுப்பதா, எதிர்க்கட்சி கொடுப்பதா என்று நாடே வழக்காடிக்கொண்டிருந்தபோது, கொடுக்க வேண்டியவர் யார் என்பது நாற்பது வருஷத்துக்கு முன்பே சட்டப் புத்தகத்தில் அச்சாகியிருந்தது.

அந்த 2020ஆம் ஆண்டு செப்டம்பரில் பாராளுமன்றம் தொழிலாளர் சட்டங்களைத் தொகுத்தபோது அந்த 1979ஆம் வருஷத்துச் சட்டத்தையும் புதிய தொகுப்புக்குள் அடக்கியது. இடப்பெயர்ச்சிப் படி மட்டும் அந்தத் தொகுப்பில் இடம்பெறவில்லை. எவரும் கொடுக்காத ஒன்றைக் கொடுக்கச் சொல்லிக்கொண்டிருந்த அவமானத்திலிருந்து சட்டம் விடுதலை பெற்றது.

தங்கள் அன்பு நீடித்தது மூன்றே நாட்கள்தான் என்பது வருந்தத்தக்கது. மே 6ஆம் தேதி அரசு நிவாரணத் திட்டம் அறிவித்து, பதிவு பெற்ற கட்டடத் தொழிலாளிகளுக்கு முன்பு தந்த 2,000 ரூபாயோடு மேலும் 3,000 ரூபாய் தருவதாகச் சொல்லிற்று. வடக்கிலிருந்து வந்தவர்களில் நல வாரியத்தில் பதிவு பெற்றவர் அருமை ஆகையால், அதுவும் அவர்களைத் தடுத்து நிறுத்தவில்லை. பலர் நடக்கத் தொடங்கினார்கள். நாடெங்கும் எழுந்த கண்டனத்துக்கு ஆற்றாமல் மே 7ஆம் தேதி அரசு தன் கடிதத்தைத் தானே மாற்றி எழுதியது. மே 8 முதல் ரயில் விடக் கேட்டுக்கொண்டது. அந்த 8ஆம் தேதி விடியற்காலையில் மகாராஷ்டிரத்தில் அவுரங்காபாத் அருகே, ஜால்னாவில் வேலை பார்த்து மத்தியப் பிரதேசத்துக்குத் திரும்புவதற்காக நடந்து போய்க்கொண்டிருந்த தொழிலாளிகள், ரயில்தான் ஓடவில்லையே என்று தண்டவாளத்தில் தலைவைத்து உறங்கினார்கள். சரக்கு வண்டி ஏறி 16 பேர் மாண்டார்கள். அதற்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை. மனிதன் போகும் வண்டி நின்று, சரக்குப் போகும் வண்டி ஓடிய காலத்தில் அது நடந்தது என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன்.

பகடியை இங்கே நிறுத்திக்கொள்கிறேன். அந்த மூன்று நாட்களில் தாங்கள் தங்களை அறியாமலே ஓர் உண்மைக்குச் சாட்சி சொன்னீர்கள். மூலதனம் இருந்தது, நிலம் இருந்தது, சிமென்ட் இருந்தது, யந்திரங்கள் இருந்தன. ஆனாலும் அந்த ஆட்கள் போய்விட்டால் ஒரு செங்கல்கூட நகராது என்று முதலமைச்சரிடம் சென்று முறையிட நேர்ந்தது. அவ்வளவு இன்றியமையாதவர்களுக்குரிய விலையை ஏன் கொடுக்கவில்லை என்ற கேள்விக்குத்தான் இன்றுவரை பதில் இல்லை.

ஆகையால் விண்ணப்பம் இது: வாரந்தோறும் கணக்குத் தீர்த்து முழுக் கூலியையும் தொழிலாளியின் கையிலேயே கொடுங்கள், மேஸ்திரியின் நோட்டுப் புத்தகத்தில் விட்டுவைக்காதீர்கள். போகவர ரயில் கட்டணத்தைக் கொடுங்கள். நல வாரியத்தில் அவன் பெயரைத் தாங்களே முன்னின்று பதிவு செய்யுங்கள். இவ்வளவும் செய்தபின் அடுத்த கொள்ளைநோய் வந்து அவன் ஊருக்குப் போகவேண்டும் என்றால், போகவிடுங்கள். பாக்கியில்லாமல் போனவன் திரும்பி வருவான்.

இப்படிக்கு,
தங்கள் அபிமானி