மூலவர் உற்சவரான வரலாறு

கோயில்களில் மூலவர் என்றும் உற்சவர் என்றும் இரண்டு மூர்த்தங்கள் உண்டு. ஒருவர் கருவறையை விட்டு அசையமாட்டார். மற்றவரோ வாகனம் கிடைத்தால் போதும், வீதிக்கு வந்துவிடுவார். இவ்விரண்டு சுபாவங்களும் ஒரே தேகத்தில், ஒரு விமானப் பயணத்துக்கு முன்னும் பின்னுமாக அமைந்துவிடக்கூடும் என்பதற்குச் சாட்சியாக விளங்குபவர், தென்பெண்ணைக் கரையில் மணலூர்பேட்டையிலோ அதன் அக்கம்பக்கத்திலோ பிறந்து, பொறியியல் பட்டம் பெற்று, மேற்படிப்புக்காக ஜெர்மனியின் தலைநகரமாகிய பெர்லினுக்குப் போய், அங்கே வசந்தகால விழாக்களின் நிரந்தர விருந்தாளியாகிவிட்ட நம் மாணவர். உண்மையில் அவர் ஒருவரல்லர். ஆண்டுதோறும் விமானமேறுகிற ஒரு வர்க்கம். வசதியை உத்தேசித்து ஒருவராகப் பாவித்துக்கொள்கிறேன்.

ஊரில் இருந்த காலத்தில் அவர் அசல் மூலவர். தை மாதம் ஐந்தாம் நாள் எங்கள் ஊர் ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையாரே தீர்த்தவாரிக்காக எழுந்தருளுகிறார். சுற்றுப்பட்ட கிராமத்துச் சுவாமிகளெல்லாம் மேளதாளத்தோடு ஆற்றில் வந்து இறங்குகின்றன. கரும்பும் சுருளிக்கிழங்கும் குவிந்து கிடக்க, காணாமற்போன குழந்தைகளின் சட்டை நிறத்தை ஒலிபெருக்கி ஓயாமல் வர்ணிக்கிறது. இத்தனை வைபவமும் கூப்பிடு தூரத்தில் நடந்துகொண்டிருக்க, நம்மவர் போர்வைக்குள் கைப்பேசியும் கையுமாகச் சயனத் திருக்கோலத்தில் சேவை சாதித்துக்கொண்டிருப்பார். "சாமியே திருவண்ணாமலையிலேருந்து வந்து நிக்குது, நீ தெருமுனை வரைக்கும் வரக் கூடாதாடா?" என்று தாயார் கேட்டால், "ஒரே கூட்டமா இருக்கும்மா" என்று பதில் வரும். பங்குனி, சித்திரையில் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும்போதும் இதே நிலைதான். அர்ச்சுனன் தபசுமரம் ஏறிய நாளில் அவர் தூங்கினார். படுகளத்தில் மண்ணால் சமைத்த துரியோதனன் கைகால் நீட்டிப் படுத்திருந்த காலையில், வீட்டில் இவரும் அவ்வண்ணமே படுத்திருந்தார்.

இப்பேர்ப்பட்டவரை எழுப்பியது பெர்லின் நகரத்துக் குளிர்காலம். டிசம்பரில் பிற்பகல் நான்கு மணிக்குள் சூரியன் விடைபெற்றுக்கொள்ளும் அந்த ஊரில், பத்தடிக்குப் பத்தடி அறையில், வெளியே போகவும் மனமின்றி உள்ளே இருக்கவும் பொருந்தாமல் ஒரு பருவத்தைக் கழித்தவனுக்குத்தான் கூட்டம் என்பது எத்தகைய வரப்பிரசாதம் என்று தெரியும். பொருளாதார நியாயமும் ஒன்று உண்டு. 11,904 யூரோவை முடக்குக் கணக்கில் கட்டிக் காட்டித்தான் அவர் விசா வாங்கினார்; அதிலிருந்து மாதத்துக்கு 992 யூரோதான் கைக்கு வரும்; வாடகை போக எஞ்சுவதில் உல்லாசத்துக்கு இடமில்லை. இந்நிலையில், மார்ச் மாதத்து வெயில் முதன்முதலாக ஜன்னலில் படும் அதே வாரத்தில், பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டு மாணவர் பிரிவிலிருந்து, "வசந்தவிழா மாலை, அனுமதி இலவசம், சிற்றுண்டி உண்டு" என்று ஒரு கடிதம் வருமானால் மனிதன் என்ன செய்வான்? நம்மவர் அத்தகைய கடிதங்களைக் கடைசி வாசகத்திலிருந்து தொடங்கிப் படிப்பது வழக்கம்.

சித்திரை பிறந்ததும் செர்ரி மரங்கள் பூக்கின்றன. 1989 நவம்பர் 9ஆம் தேதி இரவு பெர்லின் சுவர் முதன்முதலாக வழிவிட்ட போர்ன்ஹோல்மர் தெருப் பாலத்தின் அருகிலும், சுவர் நின்ற தடத்தில் வேறு பல இடங்களிலும், ஜப்பானியத் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று தன் நாட்டு மக்களிடம் நன்கொடை திரட்டி 1990 முதல் நடுவித்த மரங்கள் அவை. கண்காணிப்புக் கோபுரமும் முள்வேலியும் இருந்த பூமியில் இன்று ரோஜா வர்ணத்தில் பூ உதிர்கிறது என்றால் அதைப் பார்க்கப் போவது நியாயமே, நானும் போவேன். ஆனால் நம்மவர் பார்ப்பதோடு நில்லாமல், மரத்தடியில் நின்றபடியே வீட்டுக்குக் காணொளி அழைப்பு விடுப்பார். கரும்பும் மணிலாவும் பயிரிட்டுப் பழகிய தகப்பனார் அந்தக் கிளைகளை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "எப்பப்பா காய்க்கும்?" என்பார்.

"இது காய்க்கிறதுக்கு இல்லப்பா, பார்க்கிறதுக்கு."

"காய்க்காத மரத்துக்கா ரயிலேறிப் போயிருக்கற?"

அன்று மாலையே ஜப்பானியரின் அழகுணர்ச்சியைப் பற்றிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீண்டதொரு பிரசங்கம் வந்து சேரும். தகப்பனாரின் திருப்திக்காகவே போலும், காய்க்கிற மரங்களுக்கும் அங்கே விழா உண்டு. பெர்லினுக்கு மேற்கே ஹாவெல் நதிக்கரையிலுள்ள வெர்டர் என்ற சிற்றூரில் 1879 முதல் பழமரங்கள் பூப்பதைக் கொண்டாடி வருகிறார்கள்; அங்கே பழரச மதுவும் கிடைக்கும் என்பதை மட்டும் நம்மவர் குழுவில் தெரிவிப்பதில்லை.

பெர்லினில் 1996இல் தொடங்கிய 'பண்பாடுகளின் கார்னிவல்' பெந்தெகொஸ்தே பண்டிகையை ஒட்டி வருவது. உலகத்து ஜாதிகள் எல்லாம் தத்தம் வேஷத்தோடும் வாத்தியத்தோடும் வீதியில் ஊர்வலம் போகும் அந்த ஞாயிற்றுக்கிழமையில், பிரேஸில் நாட்டுப் பறை முழங்கினாலும் ஆப்பிரிக்கத் தாளம் அதிர்ந்தாலும் நம்மவர் ஆடுவது ஒரே ஆட்டந்தான். அதன் காணொளியைக் கண்ட பாட்டி, "யார்டா போயிட்டாங்க?" என்று பதறிப்போய்க் கேட்டதாகச் சொல்வார்கள். விழாவின் மகிமையை அவருக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டதாம்.

இவையெல்லாம் பிறர் விழாக்கள். சோதனை வந்தது, "உங்கள் ஊர்ப் பண்பாட்டைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்கள்" என்று பல்கலைக்கழக வசந்தவிழா மாலைக்காக அந்த அயல்நாட்டு மாணவர் பிரிவினர் கேட்டுக்கொண்டபோது. நம்மவர் முதலில் பரதநாட்டியத்தைப் பற்றி அழகான படங்களைத் தயாரித்தார். அதை அவர் நேரில் பார்த்ததில்லை. ஆயினும் பார்த்தவர்களும் அங்கே அதிகமில்லை என்று தைரியமாக இருந்தார். ஒத்திகையின்போது ஒரு பிரெஞ்சு மாணவி, "கூவாகம் உங்கள் பக்கமல்லவா?" என்று கேட்டுவிட்டாள். 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது கூவாகமும் மணலூர்பேட்டையும் சேர்ந்தே அதற்குள் வந்தன, ஆகவே மறுப்பதற்கில்லை. கூவாகத்தில் நடக்கும் கூத்தாண்டவர் திருவிழாவையும், அரவான் களப்பலியான கதையையும், திருநங்கையர் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுக்கும் வழக்கத்தையும் அந்தப் பெண்ணிடமிருந்தே அவர் ஆதியோடந்தமாகத் தெரிந்துகொண்டார்.

அன்றிரவு எட்டு மணிக்கு, அதாவது நமக்குப் பதினொன்றரைக்கு, தகப்பனாரை எழுப்பினார்.

"அப்பா, நம்மூர்க் கூத்துல கட்டியக்காரன் மொதல்ல வந்து என்ன சொல்லுவான்?"

மகன் பேசும் மொழி தமக்கு விளங்கிய முதல் தருணம் அதுவாக இருந்திருக்க வேண்டும். தூக்கம் கலைந்த மனிதர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, கட்டியக்காரனில் தொடங்கி, திரௌபதி வஸ்திராபரணத்தைத் தாண்டி, பதினெட்டாம் போருக்கு வரும்போது மணி இரண்டு. மறுநாள் நம்மவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மேடையில் துரியோதனன் பிரவேசத்தை நடித்துக் காட்ட, கரகோஷம் எழுந்தது. பரதநாட்டியப் படங்கள் கணினியிலேயே தங்கிவிட்டன. அதுமுதல் தென்னாட்டுக் கூத்துக்கலையின் ஆதாரபூர்வமான அதிகாரி என்று அந்த வட்டாரத்தில் அவருக்குப் பெயர். திரௌபதியம்மன் கோயில் கொட்டகையில் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்திராத அதிகாரி என்பது உண்மைதான். கலைவிமர்சகர்களில் அவர் முதல்வரல்லர் என்பதால் இதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

அக்டோபரில் உளுந்தூர்பேட்டையிலிருந்தும் சின்னசேலத்திலிருந்தும் புதியவர்கள் வந்து இறங்கும்போது, அவர்களை எதிர்கொண்டு அழைத்துப்போய்க் குளிர்ச்சட்டை வாங்கித் தருபவரும் அவரே. குளிர்காலத்தைக் கண்டு மனம் தளரலாகாது, ஏப்ரலில் மரம் பூக்கும், எந்த விழாவில் சோறு போடுவார்கள், எதில் வெறும் பிஸ்கட்டோடு அனுப்பிவிடுவார்கள் என்றெல்லாம் அவர் விஸ்தாரமாக எடுத்துரைப்பதை, பெட்டியை இன்னும் கீழே வைக்காத அந்தப் பிள்ளைகள் பயபக்தியோடு கேட்டுக்கொள்கிறார்கள்.

"அண்ணா, பரீட்சை எப்பண்ணா?" என்றான் ஒருவன்.

நம்மவர் கைப்பேசியில் நாட்காட்டியைத் திறந்து சிரத்தையுடன் தள்ளிக்கொண்டே போனார்.

"கார்னிவல் முடிஞ்சு நிறைய நாள் இருக்குதுப்பா."