ரச வாளி ஊழியம்

திருநெல்வேலிச் சீமையில் சி.எஸ்.ஐ. கிறிஸ்தவனாகப் பிறந்தவனிடம் ஊர் மூன்று திறமைகளை எதிர்பார்க்கும். பாமாலையில் எந்த எண்ணைச் சொன்னாலும் ராகம் பிசகாமல் பாட வேண்டும். குருவானவர் 'செப்பனியா' என்று சொல்லி வாய் மூடுவதற்குள் அந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்க வேண்டும். யாராவது 'ஒரு சின்ன ஜெபம் பண்ணுங்க தம்பி' என்றால் எழுந்து நின்று தங்குதடையில்லாமல் ஜெபிக்க வேண்டும். சின்ன ஜெபம் என்றால் எங்கள் பக்கத்தில் குறைந்தது பத்து நிமிஷம்.

எனக்கு மூன்றும் வராது. பாடகர் குழுவில் சேர்த்தார்கள். கொஞ்ச நாளிலேயே மைக்கையும் மின்விசிறியையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்புக்கு மாற்றினார்கள். அம்மா அதைப் பதவி உயர்வு என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். செப்பனியாவைத் தேடிப் போனால் எப்போதும் நெகேமியாவில் போய்த்தான் நிற்பேன். அங்கிருந்து திரும்பி வருவதற்குள் பிரசங்கம் பாதி தாண்டியிருக்கும்.

இவை இரண்டையும் ஒருவன் மறைத்து வாழ்ந்துவிடலாம். ஜெபத்தை மறைக்க முடியாது. எங்கள் சபையில் ஒரு அண்ணாச்சி உண்டு. புதுவீட்டுப் பிரதிஷ்டைக்கு அவரைக் கூப்பிட்டால் ஏதேன் தோட்டத்தில் ஆரம்பிப்பார். நோவாவின் பேழை, செங்கடல், எரிகோ மதில் எல்லாம் தாண்டி அந்த வீட்டு வாசலுக்கு வந்து சேர்வதற்குள் அடுப்படியில் பிரியாணி ஆறிவிடும். வந்த பிறகும் சும்மா இருக்க மாட்டார். 'ஆண்டவரே, இந்த வீட்டு மூத்த பிள்ளை ராத்திரி எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறான் என்று உமக்குத் தெரியும்' என்பார். ஆண்டவருக்கு ஏற்கெனவே தெரியும். அதுவரை தெரியாமல் இருந்தது அந்தப் பிள்ளையின் அப்பாவுக்குத்தான்.

அப்படிப்பட்டவருக்கு அடுத்து என்னைக் கூப்பிடுவார்கள். எழுந்து நிற்பேன். உள்ளே எவ்வளவோ இருக்கும், வெளியே ஒன்றும் வராது. 'நன்றி ஆண்டவரே, ஆமென்.' பெண்கள் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டு முடிப்பதற்குள் ஆமென் வந்துவிட்டால் அந்தக் கூட்டத்தில் உண்டாகும் அமைதி எப்படியிருக்கும் என்பது அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். பெரியம்மா ஒருத்தி வெளிப்படையாகவே கேட்டாள்: 'ஏ மக்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா?'

விசுவாசம் குறைந்தவன் என்று ஊர் நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் தூணுக்குப் பின்னால் உட்கார ஆரம்பித்தேன். அங்கே உட்கார்ந்தால் வேதத்தை வாசிப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. அப்படி வாசித்தபோதுதான் மோசே எனக்குச் சொந்தக்காரர் ஆனார்.

யாத்திராகமம் 3, 4 அதிகாரங்களைப் பிரசங்கிமார் எரியும் முட்செடிக்காக வாசிப்பார்கள். நான் வாசிப்பது அந்த மனுஷன் நழுவப் பார்ப்பதற்காக. ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, ஐந்து தடவை நழுவுகிறார். நான் யார் போவதற்கு என்கிறார். அனுப்பியவர் பேர் கேட்டால் என்ன சொல்ல என்கிறார். நம்பமாட்டார்களே என்கிறார். எனக்குத் திக்குவாய் என்கிறார். கடைசியில் சாக்கெல்லாம் தீர்ந்துபோய், வேறு ஆளை அனுப்பும் என்று கையை விரிக்கிறார். அப்போது அவருக்கு வயது 80. பேசுவதற்குத் துணையாக அனுப்பப்பட்ட அண்ணன் ஆரோனுக்கு 83. ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டிய இரண்டு பேரை நம்பி எகிப்தின் ராஜாவோடு பேச்சுவார்த்தை தொடங்குகிறது.

இந்தக் கதையில் என்னை அசத்திய இடம் வேறு. திக்குவாய் என்று சொன்னவருக்கு நாக்கு குணமானதாக எங்கேயும் எழுதவில்லை. செங்கடலைப் பிளக்க முடிந்தவருக்கு ஒரு நாக்கைச் சரிசெய்வது பெரிய காரியமா? செய்யவில்லை. பக்கத்தில் ஒரு ஆளைக் கொடுத்தார், அவ்வளவுதான். குறையை உடனே நீக்கி உன்னை வல்லமையாய் எடுத்து உபயோகிப்பார் என்று மைக்கில் முழங்குகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துபோவதை நான் கவனித்திருக்கிறேன். இத்தனைக்கும் உபாகமத்தில் பெரும்பகுதி மோசேயின் பேச்சுதான். நாற்பது வருஷம் வனாந்தரத்தில் முறுமுறுக்கிற ஜனத்தைக் கட்டி மேய்த்தால் யாருக்குத்தான் பேச்சு வராது?

எங்கள் வீட்டில் ஆரோன் என் மனைவி. குடும்ப ஜெபத்தில் கொஞ்சம்கூடத் திக்காமல் உறவினர் அத்தனை பேரையும் பேர் சொல்லி, அவர்கள் வியாதியையும் பேர் சொல்லி ஜெபிப்பாள். ஒருநாள் வாய் சும்மா இருக்காமல், 'நல்லாப் பேசுற ஆரோன்தான் பின்னால பொன் கன்னுக்குட்டி செஞ்சாரு, தெரியுமா?' என்றேன். அவள் வேதத்தை மூடி என் பக்கம் நகர்த்தி வைத்தாள். 'அப்ப நாளையிலிருந்து நீங்களே பண்ணுங்க.' அன்றிலிருந்து ஆரோனைப் பற்றி நான் குறைவாக எதுவும் பேசுவதில்லை.

அடுத்த சொந்தக்காரரைச் சேகரக் கமிட்டித் தேர்தலில் தோற்ற பிறகு கண்டுபிடித்தேன். எங்கள் திருமண்டலத் தேர்தலைப் பற்றி அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை: சட்டமன்றத் தேர்தலெல்லாம் அதற்கு முன் பாலர் வகுப்பு. அணி உண்டு, நோட்டீஸ் உண்டு, வேன் உண்டு, முடிந்தபின் வழக்கும் உண்டு. நண்பர்கள் உசுப்பிவிட, நானும் நின்றேன். என் வீட்டு ஓட்டெல்லாம் எனக்கே விழுந்ததா என்று நான் இதுவரை விசாரிக்கவில்லை. குடும்ப சமாதானம் முக்கியம்.

அந்த வாரத்தில் யாரும் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை, அப்போஸ்தலருடைய நடபடிகள் முதலாம் அதிகாரத்தைத் தவிர. யூதாசின் இடம் காலியாக இருக்கிறது. இரண்டு பேரை நிறுத்துகிறார்கள். ஒருவர் மத்தியா. இன்னொருவர் பர்சபா என்கிற யோசேப்பு, அவருக்கு யுஸ்து என்றும் பேர். நிற்பதற்கான தகுதி சாதாரணமானதல்ல. யோவான் ஞானஸ்நானம் கொடுத்த நாள் முதல் ஆண்டவர் பரமேறிய நாள் வரை கூடவே இருந்திருக்க வேண்டும். யுஸ்துவுக்கு அது முழுசாக இருந்தது. சீட்டுப் போட்டார்கள். மத்தியாவுக்கு விழுந்தது.

யுஸ்து என்ன செய்தார்? எதிரணி தொடங்கியதாகத் தகவல் இல்லை. தடையாணை வாங்கியதாக இல்லை. புதிய ஏற்பாடு அதற்குப் பிறகு அவர் பேரை எடுக்கவே இல்லை. பாவம் என்று பார்த்தால், ஜெயித்த மத்தியாவின் பேரும் அதற்குப் பிறகு வரவில்லை! எனக்கு எதிராக ஜெயித்தவரை ஞாயிற்றுக்கிழமை ஆலய வாசலில் பார்த்தபோது இந்த ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். அவர் அதை வாழ்த்து என்று எடுத்துக்கொண்டு கையைப் பிடித்துக் குலுக்கினார். வாழ்த்தாகவே இருக்கட்டும்.

ஐத்திகுவைச் சொல்லாமல் விட்டால் கடைசி பெஞ்சுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். துரோவா பட்டணத்தில் பவுல் நடுராத்திரி வரை பேச, மூன்றாம் மாடி ஜன்னலில் உட்கார்ந்திருந்த இந்த வாலிபன் தூங்கிக் கீழே விழுந்து செத்தே போனான். பவுல் இறங்கி வந்து அவனை அணைத்துக்கொண்டார், பிழைத்தான். அதற்குப் பிறகாவது கூட்டத்தை முடித்தாரா? மேலே ஏறிப் போய் அப்பம் பிட்டுவிட்டு விடியும் வரை பேசினார். வேதம் இந்தத் தூக்கத்தைக் கண்டித்து ஒரு சொல் சொல்லவில்லை. ஜன்னலோரம் உட்காராமல் இருந்தால் போதும்.

இதெல்லாம் எங்கேயோ துரோவாவில், எகிப்தில் நடந்ததல்லவா என்று கேட்பவர்களுக்கு வேப்பேரியில் ஒருவர் இருந்தார். ஜெர்மனியிலிருந்து 1740-இல் வந்த பப்ரிசியுஸ் ஐயர். தமிழில் வேதத்தை மொழிபெயர்த்தார். 1779-இல் தமிழ் ஆங்கில அகராதி அச்சிட்டார். லுத்தரன் சபையார் அவருடைய மொழிபெயர்ப்பைத் தங்கமாய்ப் போற்றினார்கள். பின்னால் வந்த மொழிபெயர்ப்பாளர்களும் அவர் போட்ட அஸ்திவாரத்தின்மேல்தான் கட்டினார்கள். அப்படிப்பட்ட மனுஷனுக்குப் பணக் கணக்கு மட்டும் வரவில்லை. கடனில் மாட்டி, முதுமையில் கடனுக்காகச் சிறைக்கும் போனார். 1791-இல் இறந்தார். எங்கள் சபைப் பொருளாளர் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, 'நல்லவேளை, அவரைக் கணக்கு எழுதச் சொல்லாமல் வேதம் எழுதச் சொன்னார் ஆண்டவர்' என்றார். பொருளாளர்கள் சொல்லிய இறையியலில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடியவை. அம்மா படுக்கையில் இருந்த நாட்களில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜெபம் பண்ணு என்று கண்ணாலேயே கேட்பாள். அருகில் உட்காருவேன், கையைப் பிடித்துக்கொள்வேன், ஒரு வார்த்தை வராது. அண்ணாச்சியைக் கூட்டி வரலாம், ஏதேனிலிருந்து ஆரம்பிப்பார். அம்மாவுக்கு அவ்வளவு நேரம் இருக்கிறதா என்று தெரியவில்லை. பெற்ற தாய்க்கு நாலு வாக்கியம் ஜெபிக்கத் தெரியாத பிள்ளை எதற்கு என்று என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது. அப்போது கைகொடுத்தது ரோமர் 8:26. எப்படி ஜெபிப்பதென்று நமக்குத் தெரியாத வேளையில், சொல்லாய் வராத பெருமூச்சோடு ஆவியானவரே நமக்காக வேண்டிக்கொள்கிறார் என்று பவுல் அங்கே எழுதுகிறார். விடிய விடியப் பேசக்கூடிய மனுஷன் இதை எழுதினார் என்பதால் நம்பினேன். பெருமூச்சு என்னிடம் தாராளமாக இருந்தது. அதையே ஜெபமாக வைத்தேன். அம்மாவும் குறையொன்றும் சொல்லவில்லை. நான் விட்ட ஒரு பெருமூச்சின் முடிவில் 'ஆமென்' என்றாள்.

சபையில் எனக்கென்று ஒரு வேலை அசனத்தில் கிடைத்தது. அசனம் தெரியாதவர்களுக்கு: பண்டிகை முடிந்து ஊரே ஒன்றாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. அண்டா அண்டாவாகச் சோறு, ஆட்டுக்கறி, கத்தரிக்காய் போட்ட சாம்பார், ரசம். பணக்காரன், ஏழை, ஜெயித்த அணி, தோற்ற அணி எல்லோரும் ஒரே பந்தி. பரிமாறுவதில் மட்டும் படிநிலை உண்டு. கறி வாளி சபையின் பெரிய கைகளுக்குத்தான். முதல் பந்தியில் தாராளம் காட்டினால் கடைசிப் பந்திக்கு வெறும் குழம்புதான் மிஞ்சும், முதல் பந்தியில் கஞ்சத்தனம் காட்டினால் சம்பந்தி வீட்டார் முறைப்பார்கள். அதற்கு ராஜதந்திரம் வேண்டும். சாம்பார் வாளிக்குத் தோள்பலம் வேண்டும். ரச வாளிக்கு ஒன்றும் வேண்டாம். அது எனக்கு வந்தது.

முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தைப் பார்த்தேன். சபையில் எழுந்த முதல் முறுமுறுப்பே சாப்பாட்டில்தான். எங்கள் விதவைகளைப் பந்தியில் கவனிக்கவில்லை என்று கிரேக்க மொழிக்காரர்கள் குறைப்பட்டார்கள். பந்திவிசாரணைக்கென்று ஏழு பேரை ஏற்படுத்தினார்கள். அதில் ஸ்தேவான் ஒருவர். சபையின் முதல் இரத்தசாட்சி வாளி தூக்க நியமிக்கப்பட்டவர்களில் ஒருவர். இதை ரசம் ஊற்றும்போது பக்கத்தில் கறி வாளியோடு நின்ற அண்ணாச்சியிடம் சொன்னேன். 'ஏல, அவரைக் கல்லெறிஞ்சில்லா கொன்னாங்க?' என்று கேட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

ரசத்துக்கு ஒரு நன்மை இருக்கிறது. கறி தீரும், சாம்பார் தீரும், ரசம் தீராது. ஆகவே கடைசிப் பந்தியில், பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாத கிழவிகளும், பிந்தி வந்த பஸ்ஸில் இறங்கியவர்களும், முன்பந்தியில் உட்காரக் கூச்சப்பட்டவர்களும் உட்காரும்போது அவர்கள் இலைக்கு முதலில் வருகிறவன் நான். அவர்களில் யாரும் என்னை ஜெபிக்கச் சொன்னதில்லை. 'இன்னும் கொஞ்சம் ஊத்துய்யா' என்பார்கள். எனக்குத் தெரிந்த ஊழியம் அதுதான், ஊற்றுவேன்.

இந்த வருஷப் பண்டிகைக்கு எங்கள் பக்கம் வந்தால் தயங்காமல் கடைசிப் பந்தியில் உட்காருங்கள். ரசம் வேண்டுமென்றால் கையைக் காட்டினால் போதும், வருகிறேன். கறி மிச்சமிருக்கிறதா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அது வேறு இலாகா.